நகைப்பெயர் இயற்பெயராதல் – அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் சான்றுகள்

1. முன்னுரை

ஒரு குழுவினர் தமக்குள் வேடிக்கையாக வழங்கும் சொல், அக்குழுவின் எல்லையைக் கடந்து பரவும்போது வேடிக்கையை இழந்து நேர்ச்சொல்லாக நின்றுவிடுவது மொழிகளில் பரவலாகக் காணப்படும் நிகழ்வாகும். இணையவழி ஒன்றுகூடும் ரசிகர் குழுக்களிடையே இது நாள்தோறும் நிகழ்வதால் இன்று மிகுந்த கவனத்தைப் பெற்றுள்ளது. எனினும் இது புதுவது அன்று. கப்பலும் கடிதமுமே செய்தியைச் சுமந்த காலத்திலும் இதே போக்கு இதே படிநிலைகளில் நிகழ்ந்துள்ளது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன. மாலுமிகள் தமக்குள் நகைத்துக்கொள்ள இட்ட பெயர்கள் அரசு அறிக்கைகளில் ஆட்பெயர்களாக ஏறின. கப்பல்தலைவர்களோடு பேரம் பேசியவர்களுக்கு வழங்கிய ஒரு சொல், இன்று சட்டத்தில் இடம்பெற்ற பதவிப் பெயராக உள்ளது. இவ்வகைச் சொற்களில் முரண்நகை எவ்வாறு மறைகிறது, மறைந்தபின் எஞ்சுவது யாது, இப்பதிவுகளைத் தமிழாக்குவோர் கருதவேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இலக்கண மரபில் குழுநகை

தமிழ் இலக்கண மரபு இந்நிகழ்வின் கூறுகளை முன்னரே வகுத்துள்ளது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பார். இவற்றுள் குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளுக்குரிய பெயரை ஒழித்து, வேறொரு பெயரால் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள்.

இவற்றுள் ‘சொல்விளம்பி’ தனித்து நோக்கத்தக்கது. ‘பறி’, ‘காரை’ ஆகியன பொருளை மறைக்கும் சொற்கள். ‘சொல்விளம்பி’ மறைப்பதோடு நகைக்கவும் செய்கிறது. உண்டவனைப் பேசவைத்து, உள்ளத்தில் ஒளித்ததை வெளியிடச் செய்வது கள் என்னும் பட்டறிவு அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. அதை முதலில் சொன்ன வேடனும் கேட்ட வேடரும் சிரித்திருப்பர். ஆனால் அச்சொல் உரைநூலுள் ஏறி, அங்கிருந்து பாடநூலுக்கு வந்து, தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எடுத்துக்காட்டாகி விட்டது. இன்று அதை ஒப்பிக்கும் மாணவர் சிரிப்பதில்லை. சொல்லும் உள்ளது, பொருளும் உள்ளது. நகை மட்டும் இல்லை.

மங்கலம் என்பதற்குக் காட்டப்பெறும் ‘வெள்ளாடு’ மற்றொரு வகையைச் சேர்ந்தது. கரிய ஆட்டை ‘வெள்ளாடு’ என்றல் மங்கலம் என்பர் உரைகாரர். இங்குச் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே வெளிப்படையான முரண் உள்ளது. ஆயினும் இன்று ஆடு மேய்ப்போர் ‘கறுப்பு வெள்ளாடு’ என்று இயல்பாகச் சொல்வர். அத்தொடரில் முரண் இருப்பதாக எவர்க்கும் தோன்றுவதில்லை. ‘வெள்’ என்பது நிறத்தைக் குறித்தல் நீங்கி, இனத்தைச் சுட்டும் ஓர் உறுப்பாகிவிட்டது.

நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலாவதாக வைத்தார். அதற்கு உரை கூறியோர், தான் பிறரை எள்ளுதலும் பிறர் தன்னை எள்ளுதலும் என இருதிறப்படுத்தினர். எள்ளுவோர், எள்ளப்படுவோர் என்னும் இப்பகுப்பு அந்தமான் சான்றுகளை ஆராய்வதற்கு இன்றியமையாதது.

3. அந்தமான் – மாலுமியின் நகை, எழுத்தரின் பதிவு

1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின், கைதிகளைக் குடியேற்றுவதற்குரிய இடம் தேட எஃப். ஜே. மௌவட் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்கு அனுப்பப்பட்டது. கடற்கரையில் நேர்ந்த மோதலில் பிடிபட்ட அந்தமானியர் ஒருவரை அக்குழு கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றது. மாலுமிகள் அவருக்கு இட்ட பெயர் ‘ஜாக்’. ஆங்கிலக் கப்பல்களில் எந்த மாலுமியையும் குறிக்க வழங்கும் பொதுப்பெயர் அது. ஆடையின்றிக் கப்பலேறிய ஒருவரைத் தம்முள் ஒருவராக அழைப்பதே அப்பெயரின் வேடிக்கை. நகரில் நோயுற்ற அவரை மீண்டும் தீவிலேயே இறக்கிவிட்டனர். மௌவட் 1863இல் வெளியிட்ட நூலிலும் பிற்காலப் பதிவுகளிலும் அவர் ‘ஜாக்’ அல்லது ‘ஜாக் அந்தமான்’ என்றே வழங்கப்படுகிறார்.

1858 மார்ச்சு 10ஆம் நாள் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்பெற்றுள்ள ஊர் இதுவே. குடியேற்றத்தைக் காத்த கடற்படையினர் தம்மிடம் அகப்பட்ட தீவுமக்களுக்குத் தொடர்ந்து பெயரிட்டனர். ஸ்னோபால், ஜம்போ, டாப்சி, குரூசோ, ஃப்ரைடே ஆகியன அக்காலப் பதிவுகளில் காணப்படும் பெயர்கள். ‘ஸ்னோபால்’ என்பதற்குப் பனி உருண்டை என்று பொருள். கரிய நிறத்தவரை வெண்பனி என அழைத்தது ‘வெள்ளாடு’ போன்ற முரண்பெயர். ஆனால் இங்கு நோக்கம் மங்கலம் அன்று, எள்ளலே. டாப்சி என்பது 1852இல் வெளிவந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்னும் அமெரிக்க நாவலில் வரும் அடிமைச் சிறுமியின் பெயர். குரூசோ, ஃப்ரைடே ஆகியன டேனியல் டிஃபோவின் நாவலில் தீவில் வாழும் இருவரின் பெயர்கள். ஒரே வகை நூல்களைப் படித்த அல்லது கேட்ட ஒரு கூட்டத்திற்கே இப்பெயர்களில் உள்ள நகை புலப்படும். இவ்வகையில் இவை முழுமையான குழூஉக்குறிகள்.

இப்பெயர்கள் கப்பல் தளத்தை விட்டு நீங்கிய விதமே ஈண்டுக் கருதத்தக்கது. 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடற்படை மாலுமி ஒருவர் அந்தமானியரால் கொல்லப்பட்டார். அதற்குப் பொறுப்பானவர்களாகப் பிடிக்கப்பட்ட இருவர் ஸ்னோபால், ஜம்போ என்று பதிவாயினர். இறந்த மாலுமி ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடக்க முயன்றதே கொலைக்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டில் ராஸ் தீவில் அந்தமான் இல்லம் என்னும் அமைப்பைப் பாதிரியார் ஹென்றி கார்பின் நிறுவினார். அவருடைய அறிக்கைகளிலும் இப்பெயர்கள் தொடர்ந்தன. அறிக்கை எழுதுவோர் நகைப்பதற்காக எழுதவில்லை. அவர்க்கு ஆளைச் சுட்ட ஒரு பெயர் வேண்டும். கைக்குக் கிடைத்த பெயர் அது. போர்ட் பிளேரில் எழுதிய அறிக்கையைக் கல்கத்தாவில் படித்தவருக்கு, அப்பெயரை முதலில் கூவியவரின் குரலும் முகமும் தெரியா. 1899இல் எம். வி. போர்ட்மன் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வரலாறு எழுதியபோது, ஸ்னோபாலும் டாப்சியும் வரலாற்று மாந்தரின் பெயர்களாகவே அமைந்துவிட்டன.

எள்ளப்பட்டோர் பக்கம் இவ்வாவணங்களில் ஒலிப்பதில்லை. பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1961இல் 19 பேராகவும் குறைந்தனர். தம்மைப் பிடித்தவர்களுக்கு அவர்களும் வேடிக்கைப் பெயர்களை வழங்கியிருத்தல் கூடும். ஆனால் அவற்றை எழுதிவைப்பார் இல்லை. ஒரு நகைச்சொல் பரவுவதும் அழிவதும் அதன் நயத்தை மட்டும் பொறுத்ததன்று. எழுதுகோல் யாரிடம் இருந்தது என்பதையும் பொறுத்தது.

4. ஜாரவா – சொன்னவர் மறைந்த சொல்

நகைச்சொல் அல்லாத ஒரு சொல்லை இங்கு ஒப்புநோக்குதல் பயன்தரும். ‘ஜாரவா’ என்பது இன்று ஒரு பழங்குடியின் பெயர். இது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்பர். தென் அந்தமானில் வாழ்ந்த அக்கா-பேயா மொழியினர் தம் அண்டை மக்களை ‘அயலார்’ என்னும் பொருளில் குறித்த சொல்லே ஜாரவா. ‘அயலார்’ என்பது பேசுவோரைச் சார்ந்து பொருள்படும் சொல். இன்னார்க்கு அயலார் என்று கொண்டாலன்றி அதற்குப் பொருளில்லை. ஆங்கிலேய அலுவலர் அதை நிலையான இனப்பெயராகக் கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அக்கா-பேயா பேசுவோரின்றி மறைந்தது. எவர்க்கு அயலாரோ அவர் இன்று இல்லை. ‘அயலார்’ என்னும் பெயர் மட்டும் சட்டங்களிலும் வரைபடங்களிலும் நிலைத்துள்ளது.

முரண்நகையும் இவ்வாறே பேசுவோரைச் சார்ந்தது. சொல்பவர் யார், எவரிடம், எந்நிலையில் சொன்னார் என்னும் மூன்றும் தெரிந்தாலன்றி அது விளங்காது. சுட்டுப் பொருளை இழக்கச் செய்யும் அதே காரணங்கள் நகையையும் இழக்கச் செய்கின்றன.

5. நிக்கோபார் – சான்றிதழும் பதவிப் பெயரும்

நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. அங்குத் தேங்காய் வாங்க வந்த வணிகக் கப்பல்களோடு தீவினர் தாமே பேரம் பேசினர். கப்பல்தலைவர்கள் தம்மோடு வணிகம் செய்தவர்க்கு ஆங்கிலப் பெயர்களை இட்டனர். நன்னடத்தைச் சான்றிதழ்களும் எழுதித் தந்தனர். அடுத்த கப்பல் வரும்போது தீவினர் அப்பெயரைச் சொல்லி, அத்தாளைக் காட்டிக் கப்பலேறினர். 1858இல் அங்குச் சென்ற ஆஸ்திரியக் கப்பலான நொவாராவின் பயணிகளும் இவ்வழக்கத்தைக் கண்டனர். சான்றிதழ்கள் சிலவற்றில் பாராட்டோடு கேலியும் கலந்திருந்தது. தாளைக் காட்டுபவர்க்கு அதைப் படிக்க இயலாது. எழுதியவரும் படிப்பவரும் மட்டுமே அறிந்த நகை அது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபார் ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் ‘ஃப்ரெண்ட் ஆஃப் இங்கிலாந்து’ எனப் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தின் நண்பர் என்பது இதன் பொருள். ஒரு சிற்றூரின் தலைவரை ஒரு பேரரசுக்கு நண்பராக்கிய அப்பெயரில் பாராட்டும் வேடிக்கையும் கலந்திருந்தன எனலாம். ஆயினும் அரசுப் பதிவுகளில் அது முழு மதிப்புடன் வழங்கியது. 1895ஆம் ஆண்டு முதல் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் அரசு முகவராகவும் சமயப் பணியாளராகவும் இருந்தவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளை ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையில் சேர்த்தார். மாலுமிகளின் கேலிச் சூழலுக்கு வெளியே நின்று, அன்றாடம் ஊராரோடு பழகிய ஒருவர்க்கு இவ்வகைப் பெயர்கள் வெறும் பெயர்களே.

பெயர் பற்றிய நிக்கோபாரியர் கருத்தையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஒருவர் இறந்தபின் அவர் பெயரை உச்சரித்தல் அங்கு விலக்கு. இறந்தவர் பெயர் நெருப்பு, வழி போன்ற பொதுச்சொல்லாயின் அச்சொல்லையும் நீக்கி வேறு சொல்லை ஆள்வர். இவ்வழக்கத்தால் சொற்கள் அடிக்கடி மாறுவதை, நன்கவுரி மொழிக்கு அகராதி தொகுத்த டி ரோப்ஸ்டார்ஃப் குறித்துள்ளார். அவ்வகராதி அவர் மறைவுக்குப் பின் 1884இல் வெளிவந்தது. மாலுமிக்கு ஒரு வேளைச் சிரிப்பாக இருந்த பெயர், மொழியையே மாற்றவல்ல பொருளாகப் பெயரைக் கருதிய மக்களிடம் சென்று சேர்ந்தது. அயலாரிடம் வழங்குதற்கு அயற்பெயர் ஒன்றை அவர்கள் விரும்பி ஏற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இவ்வணிகத் தொடர்பில் நிலைபெற்ற மற்றொரு சொல் ‘கேப்டன்’. கப்பல்தலைவரோடு நேர்நின்று பேசிய ஊர்ப் பெரியவர்க்கு இது வழங்கியது. கப்பல் இல்லாத கேப்டன் என்பது மாலுமியின் செவிக்கு வேடிக்கையாகவே ஒலித்திருக்கும். ஆங்கிலேய ஆட்சி அத்தலைவர்களை முறையாக ஏற்று உடையும் கொடியும் வழங்கியபோது வேடிக்கை பின்வாங்கியது. இன்று நிக்கோபார் ஊர்களில் முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்போர் ஊர்மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பழங்குடி மன்றங்களுக்கான 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இவ்வமைப்புக்குச் சட்ட வடிவம் தந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் ஊர்கள் அழிந்தபோது, எஞ்சியோரைத் திரட்டியதிலும் அரசோடு பேசி உதவிகளைப் பகிர்ந்ததிலும் கேப்டன்களின் பங்கு பெரிது. அச்சொல்லைக் கேட்டு அங்கு எவரும் நகைப்பதில்லை.

6. மூவகை விளைவுகள்

முரண்நகையில் இரண்டு பொருள்கள் உள. ஒன்று சொல்லின் நேர்ப்பொருள். மற்றொன்று சொல்வோர் கருதிய மறைபொருள். கேட்போர் இரண்டையும் ஒருங்கே உணரும்போதுதான் நகை பிறக்கிறது. பரவலின்போது மறைபொருள் உதிர்கிறது. அதன்பின் நிகழ்வன மூவகைப்படும்.

முதலாவது, நேர்ப்பொருள் மட்டும் எஞ்சுதல். ‘ஃப்ரெண்ட் ஆஃப் இங்கிலாந்து’ இவ்வகை. இன்றைய இணையச் சான்றும் ஒன்று உண்டு. 2001இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாத இறுதியில், முகநூலில் சுத்தியலின் படத்தை வெளியிட்டு அதன் பெயரைக் கேட்டவருக்கு, இதனால்தான் நேசமணியின் தலை உடைந்தது என்னும் பொருளில் தமிழர் ஒருவர் விடையளித்தார். நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்னும் தொடர் உலக அளவில் பரவியது. தமிழ்ப்படம் அறிந்தோர் சிரித்தனர். அறியாதோர் உண்மையில் ஒருவர் அடிபட்டாரோ என வினவினர். ஒரே தொடர் ஒரே நாளில் ஒருசாரார்க்கு நகையாகவும் மறுசாரார்க்குச் செய்தியாகவும் அமைந்தது. அந்தமானில் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தது இங்குச் சில மணிநேரத்தில் நிகழ்ந்தது.

இரண்டாவது, நேர்ப்பொருளும் உதிர்ந்து சுட்டு மட்டும் எஞ்சுதல். ஸ்னோபால், டாப்சி, வெள்ளாடு ஆகியன இவ்வகை. இங்கே சொல் ஓர் அடையாளச் சீட்டாகவே நிற்கிறது.

மூன்றாவது, பழைய பொருள்கள் நீங்கியபின் புதுப்பொருளும் மதிப்பும் பெறுதல். நிக்கோபாரின் கேப்டன் இவ்வகை. பெயரைப் பெற்றோர் அதைத் தமதாக்கிக்கொண்டு, தம் வாழ்க்கையால் அதற்குப் பொருள் தந்த இடத்தில் மட்டுமே இவ்விளைவு காணப்படுகிறது. தமிழகத்தில் நகையின்றியே பிறந்த ‘கேப்டன்’ என்னும் பட்டமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1991இல் வெளிவந்த ‘கேப்டன் பிரபாகரன்’ திரைப்படத்தின் பெயரிலிருந்து ரசிகர் விஜயகாந்துக்கு வழங்கிய அப்பெயர், அவர் 2005இல் கட்சி தொடங்கியபின் அரசியல் மேடையின் மதிப்புப் பெயராயிற்று.

முதலிரு விளைவுகளையும் மூன்றாவதையும் பிரிப்பது பெயருக்கு உரியவரின் பங்கு. ஸ்னோபால் என்னும் பெயரில் அதைத் தாங்கியவருக்கு உரிமை இல்லை. கேப்டன் என்னும் சொல்லில் நிக்கோபாரியர்க்கு முழு உரிமை உண்டு.

7. மொழிபெயர்ப்பில் எழும் வினாக்கள்

இப்பதிவுகளைத் தமிழாக்குவோர் இருவகைப் பிழைகளுக்கு இடந்தரக்கூடும். நகை உயிரோடுள்ள இடத்தில் அதை மறைத்தல் ஒன்று. நகை மறைந்துவிட்ட இடத்தில் அதை மீட்டெடுத்தல் மற்றொன்று.

‘ஸ்னோபால் பிடிபட்டான்’ என ஒலிபெயர்ப்பு மட்டும் செய்தால், ஆங்கிலம் அறியாத வாசகர் அதை அந்தமானியரின் பெயராகவே கொள்வர். மூலத்தில் உள்ள இழிவு தமிழில் தடமின்றி மறையும். ‘பனியுருண்டை பிடிபட்டான்’ என மொழிபெயர்த்தால் ஒவ்வொரு முறையும் கேலியே முன்னிற்கும். வழக்கின் செய்தி பின்தங்கும். அன்றியும் அறிக்கை எழுதியவர் கருதாத எள்ளலை மொழிபெயர்ப்பாளர் ஏற்றியதாகும். முதன்முறை வருமிடத்தில் ‘கடற்படையினர் ஸ்னோபால், அதாவது பனியுருண்டை, எனப் பெயரிட்டழைத்தவர்’ என்று தொடருள்ளேயே விளக்கி, பின்னர் ஒலிபெயர்ப்பை ஆளுதல் தக்கது. பெயரிட்டவர் யார் என்பதைச் சுட்டும் ‘பெயரிட்டழைத்தவர்’ என்னும் வினைச்சொல்லே இங்கு இன்றியமையாத பகுதி. ‘ஸ்னோபால் என்பவர்’ என்னும் தொடர் அதைச் செய்யாது.

அஃறிணை, உயர்திணை, ஒருமை, மதிப்புப் பன்மை ஆகியவற்றைத் தேரும் கடமையும் தமிழுக்கு உண்டு. ஆங்கில மூலத்தில் ஒரே வடிவாக உள்ள படர்க்கைச் சொல் தமிழில் ‘அவன்’ எனவும் ‘அவர்’ எனவும் பிரியும். அறிக்கையாளரின் கூற்றில் ‘அவன்’ என்றும், மொழிபெயர்ப்பாளரின் விளக்கத்தில் ‘அவர்’ என்றும் ஆளுவதால் இரு குரல்களையும் வேறுபடுத்திக் காட்டலாம். இது ஆங்கிலத்திற்கு இல்லாத வசதி.

‘கேப்டன்’ என்பதற்கு எதிர்மாறான கவனம் வேண்டும். அதைக் ‘கப்பல்தலைவர்’ என்றால் பொருள் பிழைக்கும். மேற்கோள் குறிக்குள் இட்டாலும், ‘கேப்டன் எனப்படுவோர்’ என்றாலும், நூறாண்டுக்கு முன் மறைந்த கேலி மீண்டும் தலைகாட்டும். இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை அவ்வாறு எழுதுதல் அவமதிப்பாகும். குறியின்றி, விளக்கமின்றி, மதிப்புப் பன்மையோடு ‘முதல் கேப்டன் வந்தார்’ என எழுதுவதே முறை. சொற்பிறப்பு அறிதல் வேறு, சொல்வழக்கு அறிதல் வேறு. மொழிபெயர்ப்பாளர்க்கு இரண்டும் வேண்டும். வாக்கியத்தில் தோன்றவேண்டியது பின்னதே.

‘ஜாரவா’ என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சட்டப் பெயராதலின் அதை விலக்க இயலாது. பண்பாடு பற்றிய எழுத்துகளில் ‘ஆங் மக்கள்’ என்பதை உடன் தருதல் அவர்தம் சொல்லுக்கு இடமளிக்கும்.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவன பின்வருமாறு. முரண்நகை சொல்லுக்குள் இல்லை. சொல்லைச் சூழ்ந்த உறவில் உள்ளது. சொல் எழுத்தாகித் தொலைவு செல்லும்போது அவ்வுறவு உடன் செல்வதில்லை. ஆதலின் நகை இழப்பு, படிப்போரின் அறியாமையால் நேரும் பிழை என்பதினும், பரவலின் இயல்பான விளைவு எனலே பொருந்தும். இழப்பின்பின் நேர்ப்பொருளோ, வெறுஞ்சுட்டோ, புதுமதிப்போ எஞ்சலாம். இவற்றுள் எது எஞ்சும் என்பதை முடிவு செய்வதில், பெயரைத் தாங்கியோர்க்கு அச்சொல்லின்மீது இருந்த உரிமை பெரும்பங்கு வகிக்கிறது.

கார் நிக்கோபாரில் ஹா-செவ்-கா என்னும் பெயரோடு பிறந்து, ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயரால் அறியப்பட்டவர், சாலமோனின் பள்ளியில் பயின்ற மாணவர். விவிலியத்தைக் கார் நிக்கோபாரி மொழியில் பெயர்த்த அவர், இத்தீவுகளின் உறுப்பினராக முதல் மக்களவையிலும் அமர்ந்தார். அயலார் இட்ட பெயர்களோடு வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டம், எழுதுகோலைத் தன் கையில் பெற்ற காலத்தை அவர் வாழ்க்கை காட்டுகிறது. டாப்சிக்கும் ஸ்னோபாலுக்கும் அக்காலம் வாய்க்கவில்லை. அவர்கள் இடம்பெறும் பக்கத்தைத் தமிழாக்குவோர், பெயரிட்டவர் யார் என்று ஒரு சொல்லால் குறிப்பின், ஆவணம் விட்ட குறையில் ஒரு பகுதி நீங்கும்.